தோல் டாக்டராக முடியாமல் போன என் மகளுக்கு

வாணி,

நீ கோலாலம்பூரில் புது வேலையில் சேர்ந்ததிலிருந்து தினமும் போன் செய்கிறாய். சாப்பிட்டாயா, அறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, பக்கத்து அறைப் பெண் எப்படி என்று நான் கேட்கிறேன். நீ எல்லாவற்றுக்கும் "ஓகேம்மா" என்கிறாய். பேச வேண்டியதை மட்டும் நாம் இருவரும் பேசாமல் வைத்துவிடுகிறோம். உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தைக்க வேண்டிய ரவிக்கைகள் மெஷின் பக்கத்தில் குவிந்து கிடக்கின்றன, கிடக்கட்டும். எல்லாம் நல்லதற்குத்தான் என்று ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் நீ நம்பமாட்டாய்.

உன் அப்பா சிம்பாங் அம்பாட்டில் பாய் கடையில் டீ, காப்பி என்று தண்ணி கலக்கிக்கொண்டிருந்த காலம் உனக்கு நன்றாகவே நினைவிருக்கும். தே தாரிக் டீயைத் தூக்கி ஆற்றுவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். அப்புறம் அவர் கையில் செதில் செதிலாகத் தோல் உரிய ஆரம்பித்தது. விரல் மூட்டுகள் வெடித்து ரத்தம் கசிந்தது. கிளினிக்கில் படை என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஒருவன் டப்பாவில் அடைத்து விற்ற களிம்பைப் பூசினால் ஒரு வாரம் பளபளவென்று இருக்கும், விட்டால் முன்னைவிட மோசமாக வரும். கடைக்கு வருகிறவர்கள் அவர் கையைப் பார்த்துவிட்டு, "கலக்க வேணாம், பாக்கெட் தண்ணியே குடுங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். கடை முதலாளி நல்ல மனிதர். ஒரு நாள் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்றுகொண்டு, "மாணிக்கம், ஒன்ன போகச் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா கஸ்டமர் ஒன் கையப் பாக்குறாங்க லா. நீ பின்னால மங்கு, கிளாஸ் கழுவுற வேலய பாத்துக்கயேன்" என்றார். அப்பா சரி என்றார். நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் கை ஊறியதில் இருந்த தோலும் போயிற்று. ராத்திரி சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். நீ அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாய்.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அவரைக் கூட்டிப்போன அன்று பள்ளி விடுமுறை என்பதால் நீயும் வந்தாய். அப்போது நீ மூன்றாம் படிவம், பதினைந்து வயது. எங்கள் நம்பரைக் கூப்பிடும்போது மதியம் தாண்டிவிட்டது. உள்ளே இருந்த அந்தப் பெரிய டாக்டர், வெள்ளை முடியும் தொண்டை கட்டிய குரலுமாக ஓர் அம்மா, அப்பாவின் இரண்டு கைகளையும் வெறுங்கையால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருஷக்கணக்கில் யாரும் தொடாத கை. "இது ஒட்டிக்கிற நோய் இல்ல. உங்க மகள் உங்க கையைத் தாராளமா பிடிக்கலாம். ஆனா தண்ணியில வேலை செய்யக் கூடாது" என்று அவர் மலாயில் சொன்னார். உன் பக்கம் திரும்பி, மேசையில் இருந்த ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை நீட்டி, "நீயும் பாக்குறியா?" என்று கேட்டார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நீ சொன்னாய்: "மத்த டாக்டருங்களுக்கு மெஷின் வேணும்மா. இவங்க கண்ணால பாத்தே சொல்லிட்டாங்க." அப்பா அன்று ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். உன் ஆசை அங்கேதான் பிறந்தது. யாரும் உனக்கு ஊட்டவில்லை.

நீ டாக்டரானபோது நம் தாமான் வீடுகளிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்! என் தம்பி, உன் சேகர் மாமா, நியாலாஸ் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். உனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவன் அவன். நீ அலறிய அலறலில் அவனும் அழுதுவிட்டான். அன்று ஒரு தட்டு நிறையப் பழத்தோடு வந்து, "என் மடியில அழுத புள்ள இப்ப ஊருக்கே ஊசி போடப்போவுது" என்று எல்லோரிடமும் சொன்னான். பயிற்சி முடிந்து அதே ஆஸ்பத்திரியில் அதே பெரிய டாக்டருக்குக் கீழே தோல் பிரிவில் உனக்கு வேலை கிடைத்தது. அந்த நாட்களில் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தோல் கழன்றுபோன ஒரு மலாய்ப் பையனை வாழையிலையில் படுக்கவைத்தது போலப் பக்குவமாகக் காப்பாற்றினீர்கள். அவன் வீட்டுக்குப் போன நாளில் நீ சமையலறையில் நின்றுகொண்டே சோறு சாப்பிட்டாய், உட்காரக்கூடத் தோன்றாமல். காலையில் போனால் அந்திக்குத்தான் வருவாய். வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது, ஓர் ஆளுக்கு ஐந்து நிமிஷம்கூடக் கொடுக்க முடியவில்லை என்று சொல்வாய். சொல்லும்போது களைப்பு இருந்தது; வெறுப்பு இல்லை.

அரசாங்கத்தில் தோல் நிபுணராவதற்கு எவ்வளவு நீண்ட பாதை என்று நீ எனக்கு விளக்கியபோது பாதிதான் புரிந்தது. முதலில் பொது மருத்துவத்தில் பெரிய பரீட்சை. அதில் தேறியபின் பல வருஷம் வேலை. அதற்குமேல் தோல் பிரிவுப் பயிற்சிக்கு இடம் கிடைக்க வேண்டும், நாடு முழுவதற்குமே இடம் கொஞ்சம்தான். உன்னைப் போன்ற கான்ட்ராக்ட் டாக்டர்களுக்கு நாளைக்கு வேலை இருக்குமா என்பதே தெரியாது. நீ பரீட்சையில் தேறினாய். பெரிய டாக்டரும் உனக்காக எழுதிக்கொடுத்தார். இண்டர்வியூவுக்குப் போய் வந்தாய். இந்த முறை இல்லை என்றார்கள். அடுத்த முறையும் போனாய், அப்போதும் இல்லை. அதற்குள் பெரிய டாக்டருக்கு உடம்பு முடியவில்லை, வேலையை விட்டார். அவர் நாற்காலிக்கு ஆள் வரவில்லை. வேறு மாநிலத்திலிருந்து ஒருவர் குறிப்பிட்ட நாட்களில் வந்துபோவார் என்று ஏற்பாடு செய்தார்கள். உன்னை அங்கேயே வைத்திருப்பார்கள் என்று நாங்கள் நம்பினோம். தோல் நோய் தெரிந்த கை அந்த இடத்தில் உன்னுடையது ஒன்றுதானே. ஆனால் உன்னைக் கடல் தாண்டிச் சபாவுக்கு மாற்றினார்கள், அங்கே ஓர் உள்ளூர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு. "அங்க ஆளு இல்லயாம்மா" என்றாய். இங்கே மட்டும் இருக்கிறதா என்று அப்பா கேட்டார். நீ பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே இருந்தாய்.

சேகர் குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி இருப்பதை முதலில் பார்த்தது அவன் மனைவி சாந்தி. செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்குக் காலில் முள் ஏறுவது புதிதா? பூட்ஸையும் துளைத்துக்கொண்டு ஏறும். முள் உள்ளே முறிந்து ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஊசியால் குத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் வரவில்லை. கிளினிக்கில் ஆணி என்று சொல்லிக் களிம்பும் பிளாஸ்டரும் கொடுத்தார்கள். அந்த டாக்டரையும் நான் திட்டவில்லை. பார்த்தால் பள்ளிப்பிள்ளை மாதிரி இருந்தாள் என்று சாந்தி சொன்னாள். வெளியே பெஞ்சு கொள்ளாமல் ஆட்கள். அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை.

அந்தத் தீபாவளிக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. நம் வீட்டில் எல்லோரும் கூடி உன்னை வீடியோவில் கூப்பிட்டோம். சேகர் போனைப் பிடுங்கி, "பாப்பா, ஒன் முறுக்கையும் நானே சாப்புட்டேன்லா" என்று சிரித்தான். ஏன் மாமா கால் மேல் கால் போட்டுத் தூக்கி வைத்திருக்கிறீர்கள் என்று நீ கேட்டாய். அவன் விளையாட்டாகப் பாதத்தைப் போனுக்கு நேரே காட்டினான். நீ சிரிப்பதை நிறுத்தினாய்.

"மாமா, கிட்ட கொண்டு வாங்க. இன்னும் கிட்ட. வெளிச்சத்துல காட்டுங்க."

"சும்மா முள்ளு பாப்பா."

"எவ்ளோ நாளா இருக்கு? பெருசாவுதா?"

"இருக்கும் ஒரு வருஷமா. வலியே இல்ல."

"போன அம்மாகிட்ட குடுங்க மாமா."

நான் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். "அம்மா, இது முள்ளும் இல்ல, ஆணியும் இல்ல. இந்த வாரமே ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட் பாத்தாகணும். எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாய். அத்தனை வருஷத்தில் ஒரு நோயைப் பார்த்துப் பயம் என்று நீ சொன்னது அதுதான் முதல் தடவை. முன்கட்டில் அவன் யாரையோ கேலி பண்ணிச் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நீ கெஞ்சினாய். உன் அப்பாவும் நானும் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். அவன் கேட்கவில்லை. "நம்ம பாப்பா வேல செஞ்ச ஆஸ்பத்திரி இருக்கயில நான் ஏன் வேற எங்கயோ போவணும்? மாணிக்கம் மாமா கைய அங்கதானே நல்லாக்குனாங்க" என்றான். கிளினிக் சீட்டோடு தோல் பிரிவு கவுண்டரில் நானே போய் நின்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு தேதி சொன்னாள். மாசக்கணக்கில் தள்ளி இருந்தது. என் மகள் இங்கே டாக்டராக இருந்தவள் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "டாக்டர் வாணியோட அம்மாவா? அவங்க இருந்தா இப்படி ஆகுமா ஆண்ட்டி" என்றாள். பிறகு அதே தேதியைத்தான் எழுதிக்கொடுத்தாள்.

நீ சபாவிலிருந்து யார் யாரையோ கூப்பிட்டுத் தேதியை முன்னால் கொண்டுவந்தாய். போனோம். வரவேண்டிய நிபுணரை அன்று வேறொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கேயும் ஆள் இல்லையாம். இன்னொரு நாள் தந்தார்கள். அந்த நாளில் ஒருவர் வந்தார், பார்த்த உடனே சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார், தோல் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வர இன்னும் நாளானது. அதற்குள் சேகருக்குத் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி. குதிகாலை வெட்டி எடுத்தார்கள். கட்டியையும் எடுத்தார்கள். ஆனால் நோய் ஈரலுக்கும் போயிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் எங்களிடம் நன்றாகத்தான் பேசினார்கள், வாணி. ஒருவரும் விரட்டவில்லை. தள்ளுவண்டி தள்ளியவர்கூட "பெலான் பெலான்" என்று மெதுவாகத்தான் தள்ளினார். யாரைப் பிடித்துச் சட்டையை உலுக்குவது என்று தெரியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசி மாதங்களில் அவன் என்னிடம் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினான். தோட்டத்து வீட்டில் ஜன்னலோரம் படுத்திருந்தான். உடம்பு பாதியாகியிருந்தது. "அக்கா, பாப்பா போன்லயே பாத்துக் கண்டுபுடிச்சிட்டா பாத்தியா. மூள மூளதான்" என்றான். பெருமையாகச் சொன்னான். அவன் சாகப்போவதை நீ முதலில் கண்டுபிடித்ததில் அவனுக்குப் பெருமை. நான் கஞ்சி கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அவன் போனபோது மழை. உனக்கு விமானம் கிடைத்து நீ வந்து சேர்ந்தபோது எரியூட்டி முடித்துவிட்டார்கள். சாந்தி உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நீ அழவில்லை. மறுநாள் காலை நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது வந்து, "நான் ரிசைன் பண்ணிட்டேன்மா" என்றாய்.

"எப்ப?"

"இங்க வரதுக்கு முன்னாடியே. மாமா படுத்தப்பவே லெட்டர் குடுத்துட்டேன்."

"அப்ப ஸ்கின் டாக்டர்?"

"அத விட்டுடுங்கம்மா. நான் தெரிஞ்சி வச்சிருந்தது மாமாவுக்கே உதவல. கிளினிக் சீட்ட ஸ்கின்னுக்கு எழுதாம நேரா சர்ஜரிக்கு எழுதச் சொல்லியிருக்கணும். எனக்கு அப்ப தோணல. தோணியிருந்தா..."

வாணி, அந்த "தோணியிருந்தா" என்ற ஒரு வார்த்தையைத்தான் நீ கோலாலம்பூருக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் டாக்டர் இல்லை. சர்ஜரிக்கு எழுதியிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு வருஷமாக அவன் காலில் இருந்ததை, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் ஒரு போனில் பார்த்தாள். இந்தப் பக்கம் இருந்தவர்கள் யாருக்கும் பார்க்கத் தெரியவில்லை, தெரிந்தவர்களிடம் போய்ச் சேர வழியும் இல்லை. இந்தப் பழியை நீ உன் தலையில் போட்டுக்கொண்டால், போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் யாரும் போட்டுக்கொள்ளப் போவதில்லை. இதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

புது இடத்தைக் காட்ட நீ என்னைக் கூட்டிப்போனாய். பேரங்காடியின் மேல்மாடியில் அந்த அழகு கிளினிக், வெள்ளைச் சுவர், வாசனை, மெல்லிய பாட்டு. யாரும் காத்திருக்கவில்லை, நம்பர் சீட்டு இல்லை. நம் நிறத்தில் ஒரு பெண் தன் தாயோடு வந்திருந்தாள், கல்யாணத்துக்குள் முகம் வெளுக்க வேண்டும் என்றாள். நீ அவளிடம் அரைமணி நேரம் பேசினாய். அரைமணி நேரம்! ஆஸ்பத்திரியில் உனக்கு அது கிடைத்திருந்தால் எத்தனை பேரைப் பார்த்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டே சோபாவில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து, "என்னம்மா ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டாய். நல்லா இருக்கு என்றேன். நீ லிப்ட் பொத்தானை அழுத்தினாய்.

இப்போது சொல்கிறேன். அந்த வேலையில் கேவலம் எதுவும் இல்லை. உன் அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார். திரும்பி வா என்று நான் கேட்கப்போவதில்லை. எதற்கு வரச் சொல்வேன், அதே கவுண்டருக்கா? ஆனால் உன் முகம் எரிந்துபோன திரி மாதிரி இருக்கிறது. அதை மற்றவர்களிடம் மறை, என்னிடம் மறைக்காதே. போனில் ஓகே சொல்லாதே. அழ வேண்டும் என்றால் அழு, நான் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். உன்னிடம் வருகிற அந்தப் பெண்களிடம் கடுகடுக்காதே. அவர்களும் யாரோ சொன்ன ஒரு சொல்லால் அடிபட்டுத்தான் அங்கே வருகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. மாமாவின் முதல் வருஷத் திதிக்கு வரமுடியவில்லை என்றால் பரவாயில்லை, சாந்தியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். போன செவ்வாய் அப்பாவை வழக்கமான பரிசோதனைக்குத் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். நிபுணர் அறை பூட்டியிருந்தது. புதிதாக வந்திருந்த ஒரு மலாய்ப் பெண் டாக்டர்தான் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், காலணி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அப்பாவின் கைகளை நன்றாகப் பார்த்தாள். எங்கே வேலை, எந்த நேரத்தில் அரிப்பு என்று பொறுமையாகக் கேட்டாள். மருந்து எழுதும்போது சுவரில் ஒட்டியிருந்த தோல் நோய்ப் படங்களை நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அதெல்லாம் நானே ஒட்டினேன் மக்சிக்" என்று, ஆண்ட்டி என்கிற மாதிரி, மலாயில் சொன்னாள். "எனக்கு இந்தப் பிரிவு ரொம்பப் பிடிக்கும். பரீட்சை எழுதிட்டேன். இந்த வருஷம் பயிற்சிக்கு இடம் கேட்டிருக்கேன். கிடைச்சிடும்னு நினைக்கிறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். உன் வயதுதான். ஓடிப்போய்விடு அம்மா என்று சொல்ல என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வெளியே பெஞ்சில் ஒரு கிழவர் முழங்கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவைத்துக்கொண்டு தன் நம்பருக்காகக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர்.

"கட்டாயம் கிடைக்கும் டாக்டர்" என்று சொன்னேன். "நல்லா படிங்க."

அவள் சந்தோஷமாகச் சிரித்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உன் அம்மா